இரவல் மருவாதி

ராயபுரத்து ஜானட்டுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்கு உண்டு. மனசுக்குள் ஏதாவது ஒன்று உறுத்தி, அதற்கு ஊரில் பேர் இல்லை என்றால், அவளே ஒரு பேரை உண்டாக்கிவிடுவாள். பேர் கிடைக்கிற வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. பிறந்த வீட்டில் இதற்காக அடி வாங்கினாள். கல்யாணமான பிறகு, "லூசு மாரி பேசிக்கினு கீறியே" என்று புருஷன் திட்டினான். அப்புறம் வாயை அடக்கிக்கொண்டாள். ஐம்பதை நெருங்கும் வயதில்தான் இந்தக் கிறுக்குக்கு ஒரு துணை கிடைத்தது.

துணையின் பேர் ரஹீமுன்னிசா. தண்டையார்பேட்டையில் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் இரண்டு பேரும் செக்கிங் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தைத்து வரும் சட்டைகளில் காலர் கோணலாக இருக்கிறதா, பட்டன் ஆடுகிறதா என்று பார்த்து, தொங்குகிற நூல் பிசிறுகளைக் குட்டிக் கத்தரியால் வெட்டி அடுக்க வேண்டும். கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை. வாய் சும்மாதான் இருக்கும். ரஹீமுன்னிசா ஜானட்டைவிடக் கொஞ்சம் மூத்தவள். மகன் நசீர், மருமகள் உமைமாவோடு டோல்கேட் பக்கம் குடியிருந்தாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் சொல்லவந்ததைத் தலை தூக்காமலே சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் ஜானட், முந்தின நாள் போய்வந்த சொந்தக்காரர் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பந்தி நடக்குற எடத்தாண்ட நிக்கிறேன்க்கா. ஒருத்தரு கூட 'வா, துன்னு'ன்னு கூப்புடல. நானா போய்க் குந்தவும் மனசு வரல. பசி வேற. யாரையோ தேடற மாரி அங்கயும் இங்கயும் எட்டிப் பாத்துகினே நிக்கிறேன். இதுக்கு இன்னாதான் பேரு?"

ரஹீமுன்னிசா ஒரு பட்டனைத் திருகிப் பார்த்தபடி, "பந்திப்பம்மல்" என்றாள்.

ஜானட் சிரித்த சிரிப்பில் கத்தரி கீழே விழுந்தது. பக்கத்து மேஜைக்காரிகள் என்னவென்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் அந்த வார்த்தை தளம் முழுவதும் பரவிவிட்டது. மேனேஜர் அறை வாசலில் உள்ளே போவதா வேண்டாமா என்று சூப்பர்வைசர் ஜெகதீசன் கையில் ஃபைலோடு நிற்கும்போது, "இன்னா சார், பந்திப்பம்மலா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவரும் அர்த்தம் கேட்காமலே, "ஆமாம்மா" என்றார்.

தனக்கு மட்டும்தான் இப்படியெல்லாம் தோன்றுகிறது என்று அதுவரை நினைத்திருந்தாள் ஜானட். பேர் வைத்த பிறகுதான் தெரிந்தது, எல்லோருமே ஏதோ ஒரு பந்தியின் ஓரத்தில் அப்படி நின்றவர்கள்தான் என்று.

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் இதே வேலையாகிப் போனது. வேலை விட்டு வீட்டுக்குப் போகும்போது உள்ளே பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் வாசல் வரை கேட்கும். நாம் நுழைந்ததும் நின்றுவிடும். அந்த நேரத்தில் நெஞ்சில் ஒன்று சுருங்குமே, அதற்கு 'எட்டிச்சல்' என்று பேர் வைத்தாள் ரஹீமுன்னிசா. எட்ட நின்றே எரிகிற எரிச்சலாம். பஸ்ஸில் தெரிந்தவரைப் பார்த்தும் பேச அலுப்புப்பட்டு போனை நோண்டுவது போல் குனிந்துகொள்கிறோம். அவர் இறங்கிப் போன பிறகு உள்ளே ஒரு முள் ஏறுகிறது. அதற்கு 'காணாக்குத்து' என்றாள் ஜானட். ரஹீமுன்னிசா அந்த வார்த்தையை நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "சோக்கா கீது" என்றாள்.

எல்லாமே விளையாட்டாக இருந்துவிடவில்லை. ஜானட்டின் புருஷன் நிலக்கரி இறக்குகிற வேலை பார்த்தவன். கடைசிக் காலத்தில் நுரையீரல் கெட்டு, வருஷக் கணக்கில் படுக்கையில் கிடந்தான். மூத்திரம், மலம், இருமல் எல்லாவற்றையும் ஜானட்தான் பார்த்தாள். அவன் இறந்துபோன காலையில் அழ வந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது, இனிமேல் கால் நீட்டிப் படுக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அது இனிப்பாகவும் இருந்தது. அந்த இனிப்பை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட அதை விட்டுவிட்டுத்தான் மற்றதைச் சொன்னாள்.

ஒரு மழை நாளில், மின்சாரம் போய் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது, ரஹீமுன்னிசாவிடம் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரஹீமுன்னிசா வெளியே பெய்கிற மழையைப் பார்த்தாள். பிறகு, "பாவநிம்மதி" என்றாள். "எனுக்கும் வந்துது ஜானட்டு. எம் மாமியா போனப்போ."

அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போகையில், தோளில் தூக்கிக்கொண்டு அலைந்த ஒன்றை யாரோ பாதி பிடித்துக்கொண்டது போல் இருந்தது ஜானட்டுக்கு.

இப்படி இருக்கும்போதுதான் அவள் மகள் மெர்லினுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மெர்லின் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். பையன் கோயில் பாட்டுக் குழுவில் பழக்கமானவன். பெரம்பூரில் சொந்த வீடு. அப்பா ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். அம்மா பிலோமினா எடுப்பாகச் சேலை கட்டி, நிதானமாகப் பேசுகிற மனுஷி. முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது அந்த அம்மாள் சாதாரணமாகத்தான் கேட்டார்:

"எக்ஸ்போர்ட் கம்பெனின்னு சொன்னான் பையன். அங்க என்னவா இருக்கீங்க?"

ஜானட்டின் வாய் அவளைக் கேட்காமலே, "சூப்பர்வைசரா இருக்கேங்க" என்றது.

இருக்கேங்க. கீறேன் இல்லை. அதைக்கூட நாக்கு தானாகவே மாற்றிக்கொண்டது. காபி டம்ளரோடு நின்ற மெர்லின் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிலோமினா, "அடேயப்பா, பொறுப்பான வேலை" என்று தலையை ஆட்டினார். அதிலிருந்து போனில் பேசும்போதெல்லாம், "உங்க வேலைக்கு நடுவுல தொந்தரவு பண்றேனா?" என்று மரியாதையாகக் கேட்பார். அந்த மரியாதை ஒவ்வொரு தரமும் ஜானட்டைச் சுட்டது. ஆனாலும் வேண்டியிருந்தது.

மறுநாளே மேஜையில் ரஹீமுன்னிசாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "நம்மளுதில்லாத மருவாதிய வாங்கி வெச்சுகினு முழிக்கிறேன்க்கா. திருப்பிக் குடுக்கவும் முடியல."

"இரவல் நக போட்டுகினு கல்யாணத்துக்குப் போனா கழுத்தயே தடவிக்கினு இருப்பமே, அந்த மாரி" என்றாள் ரஹீமுன்னிசா. "இரவல் மருவாதி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். "கல்யாணம் முடியறவரிக்கும் போட்டுக்கோ, அப்பால கழட்டிடு" என்றாள் ரஹீமுன்னிசா.

கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிற வாரம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை ரஹீமுன்னிசா ஒரு துணியை வேலைக்குக் கொண்டுவந்திருந்தாள். உமைமாவுக்கு அவள் அம்மா வீட்டில் கொடுத்த சுடிதார்த் துணி. இன்னும் வெட்டாத, மடிப்புக் கலையாத மயில்கழுத்து நிறம். அதற்குப் பொருத்தமாகத் துப்பட்டா கிடைக்கவில்லை என்றாள். ஜானட் அதை மேஜையில் விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"சின்னக் கடையில கெடைக்காதுக்கா. வண்ணாரப்பேட்டையில அந்தப் பெரிய கடை கீதுல்ல, அதுல துப்பட்டாவுக்குன்னே தனி எடம் கீது. துணியக் கையோட எடுத்துகினு போய் வெச்சுப் பாரு."

இதைச் சொன்னது ஜானட்தான்.

மறுநாள் சாயங்காலம் அதே கடைக்கு ஜானட்டும் பிலோமினாவும் போனார்கள். மெர்லினுக்கு வேலை. போட்டோ அனுப்பினால் போதும் என்று சொல்லியிருந்தாள். வெள்ளையில் மெல்லிய சரிகை ஓடும் புடவை ஒன்று இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. கீழ்த் தளத்தில், பொருளைப் பையில் போட்டுத் தருகிற கவுன்ட்டர் முன்னால் காத்து நின்றார்கள். வெளியே போகும் வழி பக்கத்தில்தான். சனிக்கிழமைக் கூட்டம் நெருக்கியது.

"பில்லு எங்கம்மா?" என்று காவலாளியின் குரல் கேட்டது.

"நான் ஒண்ணியும் வாங்கலபா. மேட்சிங் பாக்க வந்தேன். கெடைக்கல."

அந்தக் குரலைக் கேட்டதும் ஜானட் திரும்பினாள். கறுப்பு புர்காவில் ரஹீமுன்னிசா நின்றிருந்தாள். முகம் திறந்திருந்தது. காவலாளி அவள் பையிலிருந்து மயில்கழுத்துத் துணியை வெளியே உருவினான்.

"அப்ப இது இன்னா?"

"அது வூட்லேர்ந்து எடுத்தாந்தது. இத்த வெச்சாத்தான கலரு பாக்க முடியும்?"

"புடிச்சா எல்லாரும் இதான் சொல்றீங்க."

ஆட்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். ரஹீமுன்னிசா சுற்றிலும் பார்த்தாள். யாராவது தெரிந்த முகம் இருக்குமா என்று தேடுகிற பார்வை. அந்தப் பார்வை ஜானட்டின் மேல் வந்து நின்றது. முகம் மலர்ந்தது. உதடு திறந்தது.

அப்புறம் ஜானட்டுக்குப் பக்கத்தில் நின்ற பிலோமினாவைப் பார்த்தாள். தங்க வளையல், பட்டுச் சேலை, கவுன்ட்டரில் விரித்துக் கிடந்த வெள்ளைப் புடவை. இவர்தான் சம்பந்தி என்று ரஹீமுன்னிசாவுக்குப் புரிந்துவிட்டது. திறந்த உதட்டை மூடினாள். ஜானட்டைத் தெரியாதவளைப் போலப் பார்வையை எடுத்துக்கொண்டு, காவலாளியின் பக்கம் திரும்பினாள்.

ஜானட் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அது அவங்க துணிதான், நேத்து நானே பாத்தேன். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்து இவங்க யார் என்று கேள்வி வரும். எங்கே பார்த்தீர்கள் என்று வரும், செக்கிங் மேஜை வெளியே வரும். ரஹீமாக்கா எல்லாருக்கும் முன்னால், 'ஏ ஜானட்டு' என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு புடவையின் ஓரத்தைத் தடவினாள் ஜானட்.

பிலோமினா அவள் காதருகே குனிந்து சொன்னார்: "பாருங்க. அந்த அங்கிக்குள்ள எதை வேணா வெச்சுக்கலாம், இல்ல? கடைக்காரங்கதான் பாவம்."

"ஆமாங்க" என்றாள் ஜானட்.

ரஹீமுன்னிசா காவலாளியிடம், "எங்க வரணும், சொல்லு" என்று கேட்டது காதில் விழுந்தது. பின்பக்கத்து அறையை அவன் காட்டினான். யாரும் இழுக்காமல் அவளே முன்னால் நடந்து போனாள்.

புடவைப் பை வந்தது. வெளியே பிலோமினா சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். ஜானட் அதைக் கையில் பிடித்தபடி கடை வாசலையே பார்த்தாள். ஆட்டோ வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள். ஒன்றும் காதில் ஏறவில்லை. சாயங்காலம் ரஹீமுன்னிசா வீட்டுக்குப் போகலாம் என்று பஸ் ஏறினாள். டோல்கேட்டில் இறங்கினாள். தெரு முனை வரை போனாள். நசீர் வாசலில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டாள். தனக்கு வந்திருப்பது என்ன என்று வழியெல்லாம் யோசித்தாள். காணாக்குத்து என்றால் போதவில்லை. வெட்கம் என்றாலும் போதவில்லை. எந்த வார்த்தையை எடுத்துப் போர்த்தினாலும் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ரஹீமுன்னிசா வழக்கம்போல வந்தாள். புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். எதிரே உட்கார்ந்தாள்.

"இந்த லாட்ல பட்டன் காஜா எல்லாம் கலீஜா கீது. பாத்துப் பாரு" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. கடையைப் பற்றி யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. மற்ற பெண்கள் என்னென்னவோ சொல்லிச் சிரித்தபோது அவளும் கொஞ்சம் சிரித்தாள். ஜானட்டிடம் கத்தரியைக் கேட்டாள், கொடுத்தாள். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது ஜானட்டுக்கு. இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போன பிறகு, ரஹீமுன்னிசாவின் டிபன் பாக்ஸ் மூடியின் மேல் கையை வைத்தாள்.

"அக்கா. அன்னிக்கிக் கடையில…"

"வுடு."

"நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன்."

"நீ என்னப் பாக்கல" என்றாள் ரஹீமுன்னிசா. "சம்பந்தியோட பேசிகினு இருந்தே. கூட்டம் வேற. நீ பாக்கல."

"பாத்தேன்க்கா."

ரஹீமுன்னிசா மூடியைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அந்த ரூம்புல ஒரு பொம்பள என் அங்கியத் தூக்கிக் காட்டச் சொன்னா. காட்டினேன். பைய ஒதறினாங்க. கடைசில ஒரு வயசான சேல்ஸ்மேன் வந்து துணியப் பாத்துட்டு, இது நம்ம சரக்கே இல்லன்னாரு. 'சரி, போ'ன்னாங்க. போ. அத்தோட சரி. அந்த ரூம்புல நான் இன்னா நெனச்சுகினு இருந்தேன் தெரியுமா? ஜானட்டு வெளில நிக்கிறா, அந்தம்மாவ ஆட்டோ ஏத்திட்டு திரும்பி வருவா, அப்டின்னு. வெளில வந்து பாத்தேன். நீ இல்ல. சரி, அவ பாத்துருக்க மாட்டான்னு எனக்கு நானே சொல்லிக்கினேன்."

ஜானட்டுக்கு நிறுத்தத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் இது தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். "இன்னொண்ணும் கீதுக்கா. அந்தம்மா உன் அங்கியப் பத்தி ஒண்ணு சொல்லுச்சு. அதுக்குள்ள எத்த வேணா ஒளிக்கலாம்னு. நான்… ஆமான்னுட்டேன்."

ரஹீமுன்னிசா முதல் தடவையாகத் தலை தூக்கி அவளை நேராகப் பார்த்தாள்.

"அத்த ஏன்டி எங்கிட்ட சொன்னே?"

ஜானட் டிபன் பாக்ஸ் மூடியிலிருந்து கையை எடுத்தாள்.

"எனுக்குத் தெரியாம இருந்துச்சே. பாதியாவது மிச்சம் வெச்சிருந்தேன். அத்தயும் எடுத்துட்டே. உன் பாரம் எறங்கணும்னு எந் தலையில வெக்கிறியா?"

"எனக்கு அது காணாக்குத்து மாரி…" என்று ஜானட் தொடங்கினாள். அழுகையில் வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"அந்தப் பேர இதுக்கு வெக்காத" என்றாள் ரஹீமுன்னிசா. குரல் உயரவில்லை. "அது பஸ்ஸுல பாக்குறதுக்கு வெச்சது."

"அப்ப இது இன்னாக்கா? நீயே ஒரு பேரு சொல்லு."

"மாட்டேன். எல்லாத்துக்கும் பேரு வெச்சு சிரிச்சுகினோம். இதுக்கும் வெச்சா ஒரு நாளு ரெண்டு பேரும் சிரிச்சுடுவோம். இதுக்கு நான் சிரிக்க மாட்டேன் ஜானட்டு."

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு ஜானட் அந்தக் கடைக்குத் தனியாகப் போனாள். அந்தக் காவலாளியைத் தேடினாள். வேறு ஆள் நின்றிருந்தான். கவுன்ட்டரில் கேட்டு, மேலே இருந்த ஒரு மேனேஜரிடம் போனாள். போன வாரம் சனிக்கிழமை நீங்க புடிச்சு வெச்சீங்களே ஒரு அம்மா, அவங்க திருடல, அந்தத் துணிய முந்தின நாளே நான் பார்த்தேன் என்றாள். அந்த ஆளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எந்த அம்மா? சனிக்கிழமையா? தெனம் யாரையாவது செக் பண்றோம்மா. எதுனா கம்ப்ளெயின்ட்டா?"

"கம்ப்ளெயின்ட் இல்ல. அவங்க நல்லவங்கன்னு சொல்ல வந்தேன்."

"சரிம்மா, நல்லவங்கதான். போய்ட்டு வாங்க" என்றான் அவன், பைத்தியத்திடம் பேசுவது போல.

படியில் இறங்கும்போது அவளுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. அன்றைக்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. இன்றைக்கு எத்தனை சொன்னாலும் அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

அங்கிருந்து நேராகப் பெரம்பூருக்குப் போனாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறவளைப் பார்த்ததும் பிலோமினா பதறிப்போய், "என்ன சம்பந்தி, மெர்லினுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லங்க. நான்தான் ஒண்ணு சொல்லணும்." உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "நான் சூப்பர்வைசர் இல்ல. செக்கிங்ல பிசிறு வெட்டுறவ. பொய் சொல்லிட்டேன். இதுக்காக என் பொண்ண எதுவும் சொல்லாதீங்க."

பிலோமினா பெருமூச்சு விட்டார். "இதுக்கா இப்படி ஓடி வந்தீங்க? எனக்குத் தெரியும். எங்க தெருப் பொண்ணு ஒருத்தி உங்க கம்பெனியிலதான் தைக்கிறா. பொண்ணு எடுக்குற வீட்ட விசாரிக்காம இருப்போமா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான்."

எந்த ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காக ஜானட் ரஹீமாக்காவை அந்த அறைக்குள் போகவிட்டாளோ, அது ரகசியமாகவே இருந்ததில்லை. கடையில் அவள் வாயைத் திறந்திருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. பொய்யைச் சொன்னபோதுகூட வராத கூச்சம் இப்போது தலையிலிருந்து கால் வரை இறங்கியது.

"கடையில ஒரு அம்மாவப் புடிச்சாங்களே," என்றாள். "அங்கி போட்டுக்கினு… அவங்க என் எதிர் மேஜ. பல வருஷமா எனக்கு அக்கா மாரி. அது அவங்க வூட்டுத் துணி. எனக்குத் தெரியும். சொல்லாம நின்னேன்."

பிலோமினாவின் முகம் மாறியது. தான் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "நான் அப்ப ஒண்ணு சொன்னேன்…"

"ஆமாங்க. நானும் ஆமான்னேன்."

பிலோமினா எழுந்து காபி போட உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெறும் கையோடு திரும்பி வந்தார். "எங்க வீட்டுக்காரரு ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்த காலத்துல, வேலை விட்டு வரும்போது கேட்டுல தினம் பையத் திறந்து காட்டிட்டுத்தான் வருவாரு. அது எப்படி இருக்கும்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல" என்றார்.

கல்யாணப் பத்திரிகையை ரஹீமுன்னிசாவின் வீட்டுக்கே போய்க் கொடுத்தாள் ஜானட். உமைமா டீ போட்டுக் கொடுத்தாள். மயில்கழுத்துத் துணி தைத்து முடிந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. துப்பட்டா வேறு நிறம். ஜானட் அதைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"வருவேன்" என்றாள் ரஹீமுன்னிசா. "மெர்லினுக்கோசரம் வருவேன்."

வந்தாள். ராயபுரம் கோயிலில் பூசை முடியும் வரை வெளியே நிழலில் உமைமாவோடு உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தில் அவர்களுக்காக ஹலால் கடையில் சொல்லி வைத்த பிரியாணியை ஜானட் தானே பரிமாறினாள். அப்போது பிலோமினா பட்டுச் சேலையோடு வந்து அந்த மேஜைக்கு முன்னால் நின்றார்.

"அன்னிக்கு உங்களப் பத்தித் தப்பாப் பேசிட்டேன். என்ன மன்னிச்சுடுங்கம்மா."

ரஹீமுன்னிசா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் பெருந்தன்மையாகவே சிரித்தாள். "எதுக்குமா மன்னிப்பு? என்ன உங்களுக்குத் தெரியாது. தெரியாதவங்க சொல்றது காத்தோட பூடும். குந்துங்க, ரெண்டு வாய் துன்னுங்க."

பக்கத்தில் கரண்டியோடு நின்ற ஜானட்டுக்கு, தெரிந்தவர்களைப் பற்றி ரஹீமுன்னிசா சொல்லாமல் விட்ட மீதியும் கேட்டது. தலை தூக்காமல் ரஹீமுன்னிசாவின் இலையில் கறித்துண்டு ஒன்றை எடுத்து வைத்தாள். ரஹீமுன்னிசா, "போதும்" என்று கையால் மறைத்தாள்.

அதன் பிறகும் இருவரும் அதே மேஜையில்தான் வேலை பார்த்தார்கள். ஜெகதீசனிடம் சொல்லி இடம் மாற்றிக்கொள்ள ஜானட் ஒரு தரம் நினைத்தாள். அதுவும் ஓடுவதுதான் என்று தோன்றியதால் விட்டுவிட்டாள். மற்ற பெண்கள் இன்னும் புதிது புதிதாக ஏதாவது சொல்லிக்கொண்டு வந்து, "அக்கா, இதுக்கு ஒரு பேரு வையேன்" என்று கேட்பார்கள். "நீங்களே வெச்சுக்கோங்கடி" என்பாள் ரஹீமுன்னிசா. ஜானட் கத்தரியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் வைக்கும் பேர்களில் சில நன்றாகவே இருந்தன.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. உமைமாவுக்குப் பிள்ளை உண்டானது, மெர்லினின் மாமனாருக்குக் கண் ஆப்பரேஷன் ஆனது, தண்ணி லாரி வராதது. எல்லாம் வெளியே நடப்பவை. உள்ளே நடப்பதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. ஜானட்டும் கேட்பதில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். சில நாள் அது சாதாரணமாக இருந்தது. சில நாள், ரஹீமுன்னிசா புர்காவை எடுத்து மாட்டும்போது, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

மழைக்காலம் வந்தது. ஒரு சாயங்காலம் வேலை விட்டு வெளியே வந்தபோது டோல்கேட்டில் முழங்கால் அளவு தண்ணீர். சிக்னல் எரியவில்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக, தண்ணீரைச் சுவர் போல எழுப்பிக்கொண்டு வந்தன. ஜானட் சாலை ஓரத்தில் நின்று, எந்த இடைவெளியில் ஓடுவது என்று தெரியாமல் முன்னும் பின்னும் காலை வைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் முன்னால் நின்ற ரஹீமுன்னிசா திரும்பிப் பார்த்தாள். நாலடி பின்னால் வந்து ஜானட்டின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"வா. அந்த மஞ்ச லாரி போவட்டும். இப்ப வா."

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு இருவரும் கடந்தார்கள். ஒரு லாரி ஹாரன் அடித்தது. ரஹீமுன்னிசா அதன் டிரைவரை நல்ல மெட்ராஸ் வசவு ஒன்றால் திட்டினாள். அந்தப் பக்க நடைபாதையில் ஏறியதும் கையை விட்டாள். அங்கியின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே, "நாளிக்கும் இப்டியே பேஞ்சா லேட்டாத்தான் வருவேன். ஜெகதீசன்கிட்ட சொல்லு" என்றாள்.

"சொல்றேன்க்கா."

ரஹீமுன்னிசா தன் தெருப் பக்கம் நடந்தாள். ஜானட் பஸ் நிறுத்தத்துக் கூரையின் கீழே போய் நின்றாள். ராயபுரம் பஸ் வர நேரமாகும் போலிருந்தது.